தமிழ்த் தாத்தாவுக்கு அப்போது வயது 25

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வரும் வாழ்க்கைக் குறிப்புகளை விடாமல் படிக்கிறவன் நான். கத்தரித்து நோட்டில் ஒட்டியும் வைக்கிறேன். அச்சகத்தில் 31 வருஷம் புரூஃப் பார்த்தவன் என்பதாலோ என்னவோ, உ.வே.சாமிநாதையரைப் பற்றிச் சென்ற வாரம் வந்த குறிப்பு மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிழை ஒன்றும் இல்லை. 1855 பிறப்பு, 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1942 மறைவு, எல்லாம் சரி. ஆனால் 'தமிழ்த் தாத்தா' என்று தொடங்கி, தலைப்பாகை கட்டிய முதுமைக்காலப் படத்தையும் போட்டிருந்தீர்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, "ரிட்டயர் ஆன பிறகுதான் சுவடி தேடினாரா தாத்தா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை.

1880 அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக (உரிமையியல் நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனபோது ஐயருக்கு வயது 25. கல்லூரி வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தாம் படித்த அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர் வாயிலிருந்து அந்த 'இல்லை' வந்திருக்கிறது! அவர் வாழ்க்கை திரும்பிய இடம் அது. குறிப்பில் அதற்கு ஒரு வரி இல்லை.

'சுவடிகளைப் பதிப்பித்தார்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அது என்ன வேலை என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. 'சரபம்' என்று படிப்பதா, 'சாபம்' என்று படிப்பதா? குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு என்பதால் 'செறு', 'சேறு' இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அச்சில் வந்த எழுத்தைப் பார்த்தே தடுமாறியவன் நான். அவர் ஒவ்வோர் எழுத்திலும் நின்று, பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, சமண மரபு புரியாத இடங்களைச் சமணர் வீட்டுக்கே போய்க் கேட்டுத் தெளிந்து, 1887இல் சிந்தாமணி என்ற அந்தச் சமணக் காப்பியத்தை வெளியிட்டார். அப்போது வயது 32.

அதே 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளைக்கும் தனியாக ஒரு குறிப்பு எழுதுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவர் அவர். உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஏடு தேடியவர். 'தமிழ்த் தாத்தா' போலச் செல்லப்பெயர் எதுவும் ஒட்டாததால் மறந்துவிட்டோமோ என்று வருத்தமாக இருக்கிறது.

இடம் போதாது என்பது எனக்குத் தெரியாததல்ல. விருதுகளில் இரண்டைக் குறைத்தால் நாலு வரி கிடைக்கும். செயலுக்குப் பக்கத்தில் வயதைப் போடுங்கள், அதற்கு ஒரு சொல் போதும். எங்கள் நோட்டில் அந்தப் படத்துக்குக் கீழே 'தேட ஆரம்பித்தபோது 25' என்று பேத்தியே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிழைதிருத்துநர் ஒருவர்