நடுகல் புத்தகம் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கிருஷ்ணகிரியில் நலம். தோப்பில் இந்த வருஷம் மாம்பூ நன்றாகப் பிடித்திருக்கிறது.

உன் நடுகல் புத்தகத்துக்கு அந்தப் பதிப்பாளர் பணமும் கேட்டு, உரிமையையும் எழுதித் தரச் சொன்னார் என்று படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. பென்னாகரம், அரூர்ப் பக்கமெல்லாம் வெயிலில் அலைந்து அந்த வீரர் நினைவுக் கற்களைப் படம் எடுத்தவன் நீ. கையெழுத்துப் போடாதே.

மார்க் கோக்கர் என்ற அமெரிக்கரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அவரும் மனைவியும் சேர்ந்து, தொலைக்காட்சித் தொடர் உலகத்தை வைத்து ஒரு நாவல் எழுதினார்கள். பதிப்பகங்களிடம் பேச ஒரு முகவர் கிடைத்தும் அவை நாவலை எடுக்கவில்லை. அப்புறம் 2008-ல் அவர் ஸ்மாஷ்வேர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எழுத்தாளர் வேர்ட் கோப்பை ஏற்றினால் போதும். அதை மின்னூலாக்கிக் கடைகளுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. எழுத்தாளரிடம் முன்கூட்டிப் பணம் கேட்கவில்லை, விற்றால்தான் அவர்களுக்குப் பங்கு. விலை வைப்பதும் உரிமையும் எழுத்தாளரிடமே. கோப்பை ஒழுங்குபடுத்த ஒரு கையேடு எழுதி, அதையும் இலவசமாகக் கொடுத்தார். தன் நாவலை வெளியிட்டதோடு அவர் நின்றிருக்கலாம். தன்னைப் போலத் திருப்பி அனுப்பப்பட்ட எல்லோருக்காகவும் யோசித்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2022-ல் அந்த நிறுவனம் டிராஃப்ட் டூ டிஜிட்டல் என்ற இன்னொரு மின்னூல் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

தமிழிலும் வழி இருக்கிறது. 1998-லேயே மதுரைத் திட்டம் பழைய நூல்களை மின்வடிவில் கொண்டுவரத் தொடங்கியது. அமேசானின் கிண்டில் மின்னூல் கடைக்குத் தமிழ் 2016 இறுதியில் வந்தது. அங்கே நீயே ஏற்றலாம். ஆனால் ஒன்றைக் கவனி: இந்திய விற்பனையில் 70 சதவீதம் உன் பங்காக வேண்டுமென்றால், 90 நாள் வேறெங்கும் மின்னூலை விற்கக் கூடாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்பின் எடைக்கேற்ப அனுப்பும் செலவையும் பிடிப்பார்கள். உன் புத்தகம் முழுக்கப் படம். 35 சதவீதப் பங்கு போதும் என்றால் அந்தப் பிடித்தம் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. உனக்கு அதுவே தோதுப்படும் என்று நினைக்கிறேன்.

உடனே பெரிய பணம் வராது, சரி. ஆனாலும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் நம் ஊர்க் கல்லை வண்ணத்தில் பார்ப்பார். அச்சில் அத்தனை வண்ணப் படத்துக்கு எவ்வளவு செலவாகும், யோசி.

எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றுவதையும் பிழை திருத்துவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஊர்வாரியாகப் படங்களைப் பிரித்து ஒரு பென்டிரைவில் போட்டு வை. வரும் ஞாயிறு பஸ் ஏறி தர்மபுரி வருகிறேன். அட்டைக்கு எந்தக் கல் என்பதை மட்டும் அதற்குள் நீ முடிவு செய்துவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்