பெரிய பைப்பைத் தொட்டுப் பார்

டார்ட்மவுத், நோவா ஸ்கோஷியா, கனடா
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வீடு இப்போது 21 டிகிரியில் இருக்கிறது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், அம்மா நிம்மதியாக மீதியைக் கேட்கட்டும். பேரனுக்குச் சளி குறைந்துவிட்டது. நேற்றிலிருந்து ஸ்வெட்டர் இல்லாமல் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறான்.

வீட்டைச் சூடாக்கும் மெஷின் படுத்துக்கொண்ட கதையை அன்றைக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இத்தனை வருஷம் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடையில் கம்ப்ரஸர் சத்தத்துக்குப் பக்கத்திலேயே இருந்த காது உங்களுடையது. நான் சொன்னதில் பாதி உங்களுக்குக் கேட்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் எனக்குத் தெளிவாகக் கேட்டன. அவைதான் எங்களைக் காப்பாற்றின. அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். கடைப் பையனையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இந்த மெஷினை ஹீட் பம்ப் என்கிறார்கள். பார்வைக்கு நம் ஊர் ஸ்பிளிட் ஏசியேதான். ஹால் சுவரில் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் இரண்டு செம்புக் குழாய். ஒரே வித்தியாசம், உள்ளே ரிவர்ஸிங் வால்வு என்று ஒன்று இருக்கிறது. கோடையில் கேஸ் நம் ஏசி மாதிரியே சுற்றும். குளிர்காலத்தில் அந்த வால்வு திரும்பிக்கொண்டதும் ஓட்டம் தலைகீழாகிவிடும். வெளியே இருக்கும் காயில் (coil), அதாவது தகடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் செம்புக் குழாய், குளிர்ந்து, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சும். உள்ளே இருக்கும் காயில் சுடும். நீங்கள் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் என் கையை வைத்து, "உள்ளே இருந்து எடுத்த சூடு இங்கே வருது பாரு" என்று காட்டினீர்களே, அதேதான். இங்கே ஃபிரிட்ஜின் உள்பக்கம் என்பது டார்ட்மவுத் ஊர் முழுவதும்.

உறைகிற குளிரில் என்ன சூடு இருக்கும் என்று அம்மா கேட்டாள். நல்ல கேள்வி. இந்த மெஷினில் இருப்பது ஆர்-410ஏ கேஸ். திறந்துவிட்டால் மைனஸ் 51 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் பழைய ஆர்-22 மைனஸ் 41. வெளியே மைனஸ் 12 என்றால் நமக்குத்தான் குளிர், அந்தக் கேஸுக்கு அதுவே அடுப்பு. அதிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறது. கரண்டை வைத்துக் கம்பியைச் சூடாக்கும் ஹீட்டர் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். இது சுமாரான குளிரில் ஒன்றுக்கு மூன்று தரும். குளிர் ஏற ஏற அந்த மூன்று இரண்டை ஒட்டி இறங்கும். இந்தப் பக்கம் பல வீடுகளில் முன்பு எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்தான். எங்கள் வீட்டிலும் அடித்தளத்தில் பழைய டேங்க் நின்ற இடம் கறையாகத் தெரிகிறது. எண்ணெய் விலைக்குப் பயந்துதான் பலர் இதற்கு மாறினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரி மூன்றாவது வாரம் கடும் குளிர். மைனஸ் 14 வரை போனது. அந்த வாரம் முழுக்க மெஷின் ஒரு குறையும் வைக்கவில்லை. அப்புறம் குளிர் குறைந்து, பூஜ்யத்தை ஒட்டி வந்தது. ஈரப் பனி, அதோடு சேர்ந்து தூறல். பட்டதெல்லாம் கண்ணாடி மாதிரி உறைகிற தூறல் அது. குளிர்தான் விட்டுவிட்டதே என்று நாங்கள் சந்தோஷப்பட்ட அன்றைக்குத்தான் வீடு ஆறத் தொடங்கியது. ரிமோட்டில் 22 என்று இருக்கிறது. சுவர்ப் பெட்டியிலிருந்து காற்றும் வருகிறது. ஆனால் கையைக் காட்டினால் அறைக் காற்று மாதிரியே இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு 17. காலையில் 14.

பேரனுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு எங்கள் நடுவில் படுக்க வைத்துக்கொண்டோம். படுக்கையறைகளில் சுவரோரமாகக் கரண்ட் ஹீட்டர் இருக்கிறது, அதனால் உயிருக்கு ஒன்றும் பயமில்லை. ஆனால் ஹாலிலும் சமையலறையிலும் நிற்க முடியவில்லை. சிங்க்கில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடக் கூடாது என்று இரவு முழுக்கக் குழாயை நூல் மாதிரி ஒழுகவிட்டு வைத்தேன். அம்மா, நீ கும்முட்டி அடுப்பில் கரி போட்டு வைக்கலாமே என்று சொன்னாய். இங்கே அதை ஒருநாளும் செய்யக் கூடாது. ஜன்னல் இடுக்குகூட இல்லாமல் அடைத்த வீடு. கரிப்புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும். வாசனையே வராது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கென்றே ஒரு அலாரம் படுக்கையறை வாசலில் மாட்டியிருக்கிறோம்.

காலையில் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். ரிமோட்டில் ஆட்டோ இல்லாமல் ஹீட் இருக்கிறதா என்று பார்த்தேன். ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். தாளிப்புப் புகை படிந்து கொஞ்சம் பிசுக்காக இருந்தது, அடைப்பு இல்லை. பிரேக்கரும் விழவில்லை. ஒரு கம்பெனிக்குப் போன் செய்தோம். அங்கே பேசியவர் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, கேஸ் இறங்கியிருக்கும், நிரப்பினால் சரியாகிவிடும் என்று ஒரு தொகையும் சொன்னார். இவர் சரி என்று சொல்ல இருந்தார். நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்று உங்களுக்குப் போன் போட்டேன். இங்கே இரவு ஒன்பது, உங்களுக்குக் காலை ஆறரை.

நீங்கள் முதலில் கேட்டது, "எந்தக் குளிர்ல நல்லா ஓடுச்சு, எந்தக் குளிர்ல நின்னுச்சு?" நான் சொன்னதும், "கேஸ் குறைஞ்சிருந்தா மைனஸ் 14-லதானம்மா முதல்ல படுத்திருக்கணும்" என்றீர்கள். அப்பா, அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் நாங்கள் கொடுத்திருக்கும் பணத்தைச் சொன்னால் நீங்கள் கோபப்படுவீர்கள். சொல்லவில்லை.

அடுத்தது, "பெரிய பைப்பைத் தொட்டுப் பார்த்தியா?"

ஜாக்கெட் போட்டுக்கொண்டு டார்ச்சோடு வெளியே போனேன். சின்ன வயசில் கடையில் நீங்கள் சொல்லிக் கொடுத்தது, ஏசியில் பெரிய பைப் ஜில்லென்று வேர்த்திருக்க வேண்டும் என்பது. இங்கே ஓட்டம் தலைகீழ் என்பதால், கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான கேஸ் அந்தப் பெரிய பைப் வழியாகத்தான் வீட்டுக்குள் போகும். அப்படியென்றால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட வேண்டும். அந்தப் பைப் வெளிப்பெட்டியில் சேரும் வால்வுக்குப் பக்கத்தில் மேலே சுற்றிய நுரை உறை ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்திருந்தது. கையுறையைக் கழற்றி அங்கே வைத்தேன். சுடவே இல்லை, குழந்தைக்கு ஆற வைத்த பால் மாதிரி இருந்தது.

நீங்கள் மூன்றாவதாகச் சொன்னதை, வெளியே இருக்கும் காயிலைப் பார் என்று சொன்னதை, நான் கேட்கத் தேவையே இருக்கவில்லை. டார்ச்சைத் திருப்பினேன். காயில் என்று ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை. பின்பக்கம் முழுக்க வெள்ளைச் சுவர். நம் பழைய ஃபிரிட்ஜில் ஃபிரீஸர் டப்பாவைச் சுற்றி ஐஸ் கட்டிக்கொண்டு கதவு மூடாமல் நிற்குமே, அப்படி, ஆனால் ஆள் இடுப்பு உயரத்துக்கு. தகடுகளுக்கு நடுவில் ஓர் ஊசி போகவும் இடமில்லை. அடித்தட்டில் ஐஸ் கெட்டியாகி ஃபேன் இறக்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக் என்று சத்தம். காற்று போகாத காயில் எதிலிருந்து சூட்டை எடுக்கும்?

உறைபனி கட்டுவது இயல்புதான். காயில் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து இருப்பதால் ஈரம் அதில் படியும், உறையும். கடும் குளிரில் காற்று வறண்டிருக்கும், அதனால் அவ்வளவு கட்டாது. பூஜ்யத்தை ஒட்டி, கடலோர ஈரக் காற்றில்தான் மோசமாகக் கட்டும். கடும் குளிரில் ஓடியது ஈரக் குளிரில் நின்றதற்குக் காரணம் இதுதான். அதற்காக மெஷினே அவ்வப்போது வால்வைத் திருப்பி, ஐந்து பத்து நிமிஷம் ஏசி மாதிரி ஓடி, வெளிக்காயிலைச் சூடாக்கி ஐஸைக் கரைத்துக்கொள்ளும். டிஃப்ராஸ்ட் என்று பெயர். அப்போது ஃபேன் நின்று, பெட்டியிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பும். போன டிசம்பரில் முதல் தடவை பார்த்தபோது தீப்பிடித்துவிட்டது என்று ஓடினேன். இந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட அந்த ஆவியைப் பார்க்கவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இவர் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு வந்தார். நான் விடவில்லை. கத்தியால் ஃபிரீஸர் ஐஸைக் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டு எத்தனை பேர் நம் கடைக்கு வந்தார்கள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். பிரேக்கரை இறக்கிவிட்டு, குளியலறையிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து மெல்ல ஊற்றினோம். பதினோரு வாளி. நான்காவது வாளியில் முதல் துண்டு ஐஸ் கழன்று விழுந்தது, பின்னால் செம்பு வளைவு ஒன்று பளபளவென்று தெரிந்தது. தரையில் ஓடிய தண்ணீர் உறைந்து வழுக்கும் என்று மணல் தூவினோம். உப்புதான் இங்கே எல்லாரும் போடுவது, ஆனால் அலுமினியத் தகட்டை அது அரித்துவிடும் என்று வேண்டாமென்றேன். திரும்பப் பிரேக்கரைப் போட்டதும் மெஷின் உடனே கிளம்பவில்லை. கம்ப்ரஸர் எண்ணெயைச் சூடாக்கிக்கொள்கிறது என்று பொறுமையாக இருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஓடத் தொடங்கியது. பெரிய பைப்பில் கை வைத்தேன். சுரீர் என்று சுட்டது. அந்தக் குளிரில் கையை எடுக்க மனசே வரவில்லை அப்பா.

ஆனால் ஐஸைக் கரைத்தது வைத்தியம் ஆகாது, ஏன் தானாகக் கரையவில்லை என்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்து வேறு ஒரு டெக்னீஷியன் வந்தார். வயசானவர், பேச்சு குறைவு, கை நிதானம். பிரேக்கரை இறக்கிய பிறகும் சில நிமிஷம் காத்திருந்துதான் மூடியைத் திறந்தார், உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும் என்பதால். எனக்கு உங்களைப் பார்ப்பது மாதிரியே இருந்தது. காயிலின் குளிரை அளக்க விரல் நுனி அளவுக்கு ஒரு சென்சார் உண்டு. செம்புக் குழாயில் கிளிப் போட்டு ஒட்டியிருக்க வேண்டியது, கிளிப் கழன்று காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காயில் மைனஸ் 10-இல் உறைந்து கிடக்கும்போது அது காற்றை அளந்து பூஜ்யம்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. மெஷினும் அதை நம்பி ஐஸே இல்லை என்று ஓடிக்கொண்டிருக்கிறது. சென்சாரை ஐஸ் போட்ட தண்ணீர் டம்ளரில் முக்கி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார், புத்தகத்தில் போட்டிருக்கும் அளவே காட்டியது. சென்சார் நல்லதுதான். புது கிளிப் ஒன்று, அவ்வளவே. குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்தார், சோப்பு நுரையும் வைத்தார். கேஸ் ஒரு துளி குறையவில்லை.

இன்னொன்றும் காட்டினார். கூரையின் அந்தப் பக்கம் தண்ணீரை ஓரமாக வடிக்கும் கட்டர் (gutter) இல்லை. பனி உருகிய தண்ணீர் நேராகப் பெட்டியின் தலையில்தான் சொட்டுகிறது. ஐஸ் இவ்வளவு கெட்டியானதில் அதற்கும் பங்கு உண்டு. ஏப்ரலில் கட்டர் போட ஆள் சொல்லியிருக்கிறோம், அதுவரைக்கும் பெட்டிக்கு மேலே சரிவாக ஒரு தகடு வைத்திருக்கிறார் இவர். இரவில் ஹீட்டை ரொம்ப இறக்கி வைத்துக் காலையில் ஏற்றும் பழக்கத்தையும் விட்டுவிட்டோம். ஒரே அளவில் விட்டால்தான் இந்த மெஷினுக்குச் சுலபம்.

நேற்றுத் தூறலாக இருந்தது, பூஜ்யம் டிகிரி. நான் சமையலறை ஜன்னலிலேயே நின்றேன். மூன்றே முக்காலுக்கு ஃபேன் நின்றது, ஆவி கிளம்பியது. பேரன் "அம்மா, புகை" என்று கத்தினான். தூக்கிக் காட்டினேன். தாத்தாவுக்குச் சொல்ல வேண்டும் என்றான், அதனால் எழுதுகிறேன். இன்று காலை இட்லி மாவும் ஓவனுக்குள் விளக்குப் போட்டு வைக்காமலே பொங்கியிருந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். நான் கை வைத்துப் பார்த்த இடத்தில் பிய்ந்துபோன நுரை உறையை மாற்ற வேண்டும். மேலே டேப் சுற்றச் சொன்னார் டெக்னீஷியன். நீங்கள் கடையில் கீழிருந்து மேலாகச் சுற்றுவீர்களா, மேலிருந்து கீழாகவா? தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க ஏதோ ஒரு முறை சொல்வீர்கள், எனக்கு மறந்துவிட்டது. கடைப் பையனை விட்டு ஒரு படம் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள்.

காது டாக்டரிடம் போய்வாருங்கள் அப்பா. தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்