கண்மாய் பெருகிய வருடம்: பாசன விவசாயிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அம்பலகாரர் உள்ளிட்ட ஊர்ப் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளிர் குழுவினருக்கும் வணக்கம். பின்வரிசை என்று எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. இந்த வருடம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்டிச் சுத்தம் செய்தது பெரும்பாலும் அவர்கள்தான்.

நமது பெரிய கண்மாய் நெடுநாளைக்குப் பிறகு நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழிந்து மறுகால் போனது. முதலில் அதைப் பதிவு செய்கிறேன். நிறைத்தது கால்வாய்த் தண்ணீரா, மழையா என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணைக்கும் கள்ளந்திரிக்கும் இடையே 45,041 ஏக்கர் இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே 85,563 ஏக்கர் ஒருபோகம். அந்த ஒருபோகத்திலும் நாம் கிளைக்கால்வாயின் கடைமடை. பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்தது. நம் சங்கக் கட்டடத்தில் பென்னிகுவிக் படத்துக்குப் பொங்கலன்று மாலை போடத் தவறுவதில்லை. ஆனாலும் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, மேலே இருப்பவர்கள் பாய்ச்சி முடித்து நமக்கு வந்து சேர்வது முழங்கால் அளவுதான். இந்த வருடமும் அப்படித்தான் வந்தது. கண்மாயை நிரப்பியது ஐப்பசி மழை. அந்த மழைத் தண்ணீர் வழியில் நிற்காமல் வந்ததற்குக் காரணம், நூறு நாள் வேலையில் வரத்துக்காலில் கிடந்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தது. இடையில் ஒரு தோட்டத்து வேலி கால்வாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பேசிச் சரிசெய்துவிட்டோம். யார் என்று இங்கே எழுதவில்லை.

கண்மாய் நிறைந்ததும், மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கில் பிரச்சினை வந்தது. கலுங்குக் கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் தண்ணீர் கூடுதலாக நிற்கும், கடைசி நனைப்புக்கு உதவும். ஆனால் கண்மாய்க்கு உள்ளேயே இருக்கும் உள்வாயில் விதைத்தவர்களின் வயல் மூழ்கும். ஒரு ராத்திரியில் அடைப்பை யாரோ பிடுங்கிவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் வைக்கோல் சுருணை மறுகால் ஓடையில் மிதக்கிறது. கோயில் முன்னால் கூட்டம் போட்டுப் பேசினோம். உள்வாய் பட்டா நிலமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே உளுந்து போட்டவர்களில் பாதிப்பேருக்கு வேறு நிலம் இல்லை என்பதும் தெரியும். அறுக்கிற நிலையில் இருந்ததை அறுக்க ஒரு வாரம் கொடுத்து, அப்புறம் அடைத்தோம். இரண்டு தரப்பும் என்னைத்தான் திட்டின. சரி, அது செயலாளருக்கு எழுதி வைத்தது.

அடுத்து, மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டு, கரையையும் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி விஷயம். இந்த அறிக்கையில் நான் அதிகம் கவலையோடு எழுதும் பகுதி இதுதான். நம் நீர்க்கட்டி பெரியவர் விலகிக்கொள்கிறார். முழங்கால் வலி, கரைமேல் ஏறி இறங்க முடியவில்லை. மறுகால் போன வாரம் ராத்திரி அவரோடு கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும். மூன்றாம் மடைக்கு அந்தப் பக்கம் கரையின் அடியில் ஈரம் கண்டது. நாங்கள் பதறினோம். அவர் கீழே இறங்கி, கசிந்த தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். தெளிவாக இருந்தது. “தெளிஞ்சு வந்தா கரை சும்மா வேர்க்குது தம்பி, கலங்கி வந்தா மண்ணு கரையுது” என்றார். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு இடத்தில் கலங்கலாக வந்தது. நண்டு வளை. உள்பக்கம் தண்ணீரில் இறங்கி, காலால் துழாவி வாயைக் கண்டுபிடித்து, மண் மூட்டையை வைத்து மிதித்து அடைத்தார். அன்று கரை நின்றது அதனால்தான்.

இந்த வேலைக்கு அடுத்த ஆள் கிடைக்கவில்லை. இளைஞர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கூலியைப் பாருங்கள். முன்பு களத்தில் நெல் தூற்றும்போதே ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று நீர்க்கட்டிக்கு அளந்துவிடுவார்கள். இப்போது அறுவடை இயந்திரம் வயலிலிருந்து நேரே டிராக்டரில் கொட்டுகிறது. களமும் இல்லை, அளப்பதும் இல்லை. பணமாகத் தருகிறோம் என்றோம், பாதிப்பேர் தருவதில்லை. பெரியவர் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்க வேண்டியிருக்கிறது. அது நமக்குத்தான் கேவலம். ஆகவே நெல் விற்ற கையோடு ஏக்கர் கணக்கில் சங்கமே வசூலித்து மாதச் சம்பளமாகத் தருவது என்று செயற்குழு முடிவு செய்து, உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறது.

மறுகால் போன நாட்களில் ஊர் தீவாகிவிட்டது. மறுகால் ஓடைத் தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். மினி பஸ் அந்தப் பக்கமே திரும்பிப் போனது. பள்ளிப் பிள்ளைகளுக்கு லீவு, கறந்த பால் வீட்டிலேயே தயிரானது. செல்போன் சிக்னல் கரைமேல் போனால்தான் கிடைக்கும் என்பதால் ஊரே குடையோடு கரையில் நின்றது. அந்தச் சமயத்தில்தான் தெற்குத்தெரு உறுப்பினர் ஒருவரின் வீட்டம்மாவைத் தூக்கத்தில் கட்டுவிரியன் கடித்தது. கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாது. கண் இமை சொருகுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். கயிறு கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் டிராக்டர் பெட்டியில் படுக்க வைத்து ஓடையைக் கடந்தோம். 108 வண்டி அந்தக் கரையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. மேலூர் போய் விஷமுறிவு மருந்து ஏற்றிப் பிழைத்துக்கொண்டார். பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்துவிட்டது. நல்லதுதான், ஆனால் ஓடையைத் தாண்டினால்தானே கணக்கில் ஏறும்.

இதற்கு மருந்து என்று சிலர் கலுங்கை ஓரடி இறக்கச் சொல்கிறார்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. ஓரடித் தண்ணீர் என்பது கடைசி நனைப்பு, அது போனால் கதிர் பதராகும். உயர வேண்டியது பாலம். இதற்காக மனு கொடுத்தால், கண்மாய் ஒரு துறை, ரோடு இன்னொரு துறை என்று அலைய விடுகிறார்கள். கடைசியாக, குழாய் பதித்துப் பாலம் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆகாயத்தாமரையும் சம்புக் கோரையும் வந்து குழாயை அடைத்தால் தண்ணீர் பின்வாங்கிக் கரையில் மோதும். கண் அகலமான, உயரமான பாலம்தான் வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்க எல்லோரும் வர வேண்டும், ஐந்து பேர் வந்தால் கேட்க மாட்டார்கள்.

நெல் கொள்முதல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பினார்கள், ரோட்டில் காய வைத்தோம், மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்டார்கள், கொடுத்தவர்களும் உண்டு.

கண்மாய் மீனை ஏலம் விடும் மீன்பாசிக் குத்தகையில் ஒரு சிக்கல். குத்தகைதாரர் மீன் பிடிக்க வசதியாக மாசியிலேயே மடையைத் திறக்கப் பார்த்தார், பெண்கள் போய் மடைமேல் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த ஏலத்தில் ‘அறுப்பு முடியும்வரை மடையைத் தொடக்கூடாது’ என்று எழுதி வாங்க வேண்டும். தண்ணீர் வற்றியதும் ஊர்ப் பொதுவில் ஊத்தாக் கூடை போட்டு மீன் பிடித்த அன்று விராலும் கெளுத்தியும் கிடைத்தன, ஜிலேபிக் கெண்டை மலிந்து கிடந்தது. அயிரை மட்டும் ஒரு குழம்புக்குத் தேறவில்லை. பூச்சிமருந்து வயலிலிருந்து கண்மாய்க்குத் திரும்புகிற பக்கத்தைப் பற்றி ஒருநாள் பேசித்தான் ஆக வேண்டும்.

நாட்டுக்கருவேல மரங்களில் இந்த வருடம் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டின. வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நம் பையன்களிடம் அவ்வளவு கேட்க எனக்குத் தைரியமில்லை, கரையில் மட்டும் போடாதீர்கள் என்றேன், ஓரளவு கேட்டார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மடைக்கருப்பு சாமி பொங்கலுக்கான வரி பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதால் விட்டுவிடுகிறேன். பொதுக்குழு முடிவதற்குள் அவர்கள் பொருளாளரைப் பார்த்துவிட்டால் நல்லது. நீர்க்கட்டி சம்பளத் தீர்மானத்தையும் பாலம் பற்றிய தீர்மானத்தையும் சேர்த்து இந்த அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்