டெர்மினல் ஸ்ட்ரிப் தவறைத் தாளில் திருத்தாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின் வடிவமைப்பு மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுவோர் சிம்பல் வைப்பதையும் வயர் இழுப்பதையும் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். வேலை சிக்கிக்கொள்ளும் இடமோ அதற்கு அடுத்தது: டெர்மினல் ஸ்ட்ரிப்பை, அதாவது பேனலில் வயர்களை இணைக்கும் டெர்மினல்களின் வரிசையை, ஒழுங்குபடுத்தும் எடிட்டர். அதில் எண்ணோ வரிசையோ பிசகினால், அச்சுக்குப் போகும் டெர்மினல் அட்டவணையை எக்ஸ்ப்ளோடு செய்து (வெறும் கோடும் எழுத்துமாக உடைத்து), எழுத்தைக் கையால் மாற்றி அனுப்பிவிடும் பழக்கம் பரவிக்கிடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எடிட்டர் காட்டுவதெல்லாம் ப்ராஜெக்டில் உள்ள டிராயிங்குகளிலிருந்து திரட்டியவைதான். அட்டவணையில் மட்டும் திருத்தினால் டிராயிங்கில் தவறு அப்படியே இருக்கும்; அடுத்த முறை அட்டவணை எடுக்கும்போது திரும்பவும் வந்து நிற்கும்.

முதலில் ஆட்டோகேட் எலக்ட்ரிகல் என்ற மென்பொருள். ஸ்ட்ரிப் பட்டியலைத் திறந்ததும் எண்ணிக்கைப் பத்தியைப் பாருங்கள். உதாரணமாக, எக்ஸ்1 என்ற ஸ்ட்ரிப்பில் 24 டெர்மினல் இருக்க வேண்டும். பட்டியலிலோ எக்ஸ்1 இரண்டு வரிகளாக, ஒன்றில் 22, மற்றதில் 2 என்று நிற்கும். இன்ஸ்டலேஷன், லொகேஷன், ஸ்ட்ரிப் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் அது ஒரே ஸ்ட்ரிப். இரண்டு டெர்மினலில் லொகேஷன் காலியாக விடப்பட்டிருக்கும், அல்லது லொகேஷன் குறியீட்டின் நடுவே யாரோ ஓர் இடைக்கோடு (-) சேர்த்திருப்பார்கள். பிரிந்த அந்த இரண்டும் மற்ற 22-உடன் வரிசையில் சேராது, ஜம்பரும் (டெர்மினல்களை ஒன்றோடொன்று இணைக்கும் துண்டு) போட முடியாது. அந்த இரண்டு சிம்பல்களையும் டிராயிங்கில் திறந்து குறியீட்டைச் சரிசெய்தால் பட்டியல் ஒரே வரியாகிவிடும்.

இதற்கு நேர்மாறான கோளாறுதான் அதிகம் ஏமாற்றும். இரண்டு தனி டெர்மினல்களை எடிட்டர் ஒரே பிளாக்காக ஒட்டிக் காட்டும். சிம்பலுக்குள் லிங்க்டெர்ம் என்றொரு அட்ரிபியூட் (சிம்பலோடு சேர்ந்த தகவல் புலம்) இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஒரே லிங்க்டெர்ம் மதிப்புள்ள சிம்பல்கள் ஒரே டெர்மினல் பிளாக்கைச் சேர்ந்தவை என்பது மென்பொருளின் கணக்கு. 7-ஆம் டெர்மினலைச் சாதாரண காப்பி கட்டளையால் நகலெடுத்து 8 என்று எண் மாற்றினால், எண் மாறும், லிங்க்டெர்ம் மாறாது. திரையில் இரண்டு சிம்பல் இருந்தும் எண்ணிக்கை ஒன்று குறையும். டெர்மினல் எடிட் பெட்டியில் 'பிரேக் அவுட்' கொடுத்தால் பிரிந்துவிடும். ஆனால் எல்லா லிங்க்டெர்மையும் மொத்தமாக அழித்துவிடாதீர்கள். இரண்டு அடுக்கு டெர்மினலில் மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் சேர்த்துப் பிடித்திருப்பதும் அதே அட்ரிபியூட்தான். நகலெடுக்க வேண்டியிருந்தால் மென்பொருளின் சொந்த 'காப்பி காம்பொனென்ட்' கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

இந்த எண்ணிக்கைப் பிழை பேனலில் என்ன செய்யும்? 2.5 சதுர மி.மீ. டெர்மினல் ஒன்று ஏறத்தாழ 5.2 மி.மீ. அகலம். 40 டெர்மினலுக்கு 208 மி.மீ.; இரு முனைகளிலும் 9.5 மி.மீ. எண்ட் கிளாம்ப், 2.2 மி.மீ. எண்ட் கவர் ஒன்று என்று வைத்தால் 229.2 மி.மீ. இப்படி ஒட்டிக்கொண்டதால் எண்ணிக்கையில் ஆறு டெர்மினல் குறைந்தால், டெர்மினல்களை மாட்டும் 35 மி.மீ. அகல ரெயில் 31.2 மி.மீ. குட்டையாக வெட்டப்படும். பக்கத்தில் கேபிள் டக்ட் வந்துவிட்டால் நீட்டவும் இடம் இருக்காது.

எடிட்டரில் வயர் போய்ச் சேருமிடம் காலியாக வரும் டெர்மினல்களில் முதலில் வயரைச் சந்தேகியுங்கள். வயர் லேயரில் இல்லாத கோட்டை மென்பொருள் வயராக எண்ணாது. கோட்டின் முனை இணைப்புப் புள்ளியைத் தொடாமல் நிற்பதும் உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால்தான் இடைவெளி தெரியும். சிம்பலை எக்ஸ்ப்ளோடு செய்திருந்தால் அட்ரிபியூட் போய், அது வெறும் படம். புதிதாக வைப்பதுதான் வழி. எலக்ட்ரிகல் ஆடிட் என்ற பிழைச் சோதனையை ஓட்டினால் இவற்றில் பல அங்கேயே சிக்கும். ரீநம்பர் கொடுத்தும் எண் மாறவில்லையென்றால் சிம்பலின் வகையைப் பாருங்கள்: வயர் எண்ணையே டெர்மினல் எண்ணாக ஏற்கும் சிம்பலாக இருக்கலாம். அதற்கு எண் வயரிலிருந்து வருகிறது.

ஜம்பர் விஷயத்தில் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 3-க்கும் 4-க்கும் நடுவே டிராயிங்கில் ஒரு வயர் போட்டுவிட்டால் அது ஜம்பர் ஆகாது. வயர் பட்டியலில் ஒரு வயரும் ஃபெரூல் (வயர் முனையில் மாட்டும் எண் குழாய்) அச்சில் இரண்டு முனைகளும் கூடும். டெர்மினலின் ஒரே பக்கத்தில் இரண்டு வயர் வந்து சேரும். ஒரு டெர்மினலில் இரண்டு வயர் சேர்ப்பதை, அதற்கென்றே வடிவமைத்த டெர்மினலில்தான் இயந்திரங்களின் மின்சாதனங்களுக்கான தரநிலையான ஐஇசி 60204-1 அனுமதிக்கிறது. எர்த் வயர் என்றால் ஓர் இணைப்புப் புள்ளிக்கு ஒன்றுதான். ஜம்பரை எடிட்டருக்குள் இரண்டு டெர்மினலையும் தேர்ந்து ஒதுக்குங்கள்.

ஈபிளான் என்ற மற்றொரு மின் வடிவமைப்பு மென்பொருளில் கோளாறின் முகம் வேறு. அங்கே ஒரே டெர்மினலை இரண்டு பக்கங்களில் காட்டலாம், ஆனால் ஒன்றில்தான் 'மெயின் டெர்மினல்' டிக் இருக்க வேண்டும். இரண்டிலும் இருந்தால் இரட்டைப் பெயர் என்று செக் ரன் (அதன் பிழைச் சோதனை) முறையிடும். எண்ட் கிளாம்ப், ரெயில் போன்ற பாகங்களைச் சேர்க்க ஸ்ட்ரிப்புக்கு ஒரு டெர்மினல் ஸ்ட்ரிப் டெஃபினிஷன் தேவை. டிராயிங்கைத் திருத்தியும் டெர்மினல் டயகிராம் பழையதையே காட்டினால், கனெக்ஷன்களைப் புதுப்பித்த பிறகு ரிப்போர்ட்டையும் புதுப்பியுங்கள். ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

இரண்டு மென்பொருளிலும் எதையும் தொடும் முன் ப்ராஜெக்டை ஒரு நகல் எடுத்து வைப்பது அவசியம். ஆட்டோகேட் எலக்ட்ரிகலில் அதன்பின் டிராயிங்குகளைச் சேமித்து, ப்ராஜெக்ட் டேட்டாபேஸை ரீபில்ட் செய்து, பிறகே எடிட்டரைத் திறக்க வேண்டும். எடிட்டரில் ஓகே கொடுக்கும்போது மாற்றம் பல டிராயிங்குகளில் எழுதப்படுகிறது. அவற்றில் ஒன்றை வேறொருவர் திறந்து வைத்திருந்தாலோ, ஃபைல் ரீட் ஒன்லியாக இருந்தாலோ, அந்த டிராயிங்கில் பழைய எண்ணே தங்கிவிடும். பேனல் லேஅவுட்டில் முன்பு வைத்த ஸ்ட்ரிப் படமும் தானாக மாறாது; லேஅவுட் பிரிவியூவில் ரீபில்ட் கொடுத்தால்தான் மாறும்.

ஏற்கெனவே கையால் திருத்திய தாள் பேனல் கட்டுமிடத்துக்குப் போயிருந்தால், புதிய அட்டவணை ஒன்றை எடுத்து இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறுபடும் ஒவ்வொரு வரியையும் டிராயிங்கில் திருத்திய பிறகு, பழைய தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதியதைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மின் பேனல் வடிவமைப்புத் துறை வாசகர்