தீம் பார்க் பயணத்தில் ‘குடும்ப உணவுத் திட்டம்’ செயல்படாதது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

போன மாதம் உங்கள் பயண நிறுவனம் மூலம் நாங்கள் குடும்பமாக மூன்று நாள் தீம் பார்க் போய் வந்தோம். நான், என் மனைவி, 9 வயது மகன், 4 வயது மகள், 71 வயது அம்மா என மொத்தம் ஐந்து பேர். நுழைவுச் சீட்டு, தங்கிய அறை, போக வர வண்டி எதிலும் குறை இல்லை. பிள்ளைகள் இன்னும் ரைடுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் புகார் சாப்பாட்டைப் பற்றியது. அதற்கென்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு நீங்கள் விற்ற ‘குடும்ப உணவுத் திட்டம்’ மூன்று நாளில் ஒரு வேளைகூட எங்களுக்கு உதவவில்லை. இரண்டாம் நாள் என் அம்மாவின் உடம்புக்கே ஆபத்தாகியிருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னேன். ஒன்று, அம்மாவுக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இன்னொன்று, மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. “எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேன் சார், நல்ல ரெஸ்டாரன்டா பார்த்து டேபிள் போட்டுத் தர்றோம், நீங்க கையை வீசிட்டு வந்தா போதும்” என்றார் பேசியவர். அந்த வார்த்தையை நம்பித்தான் திட்டத்தை வாங்கினேன். வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள், ஒன்றும் கொண்டு வர வேண்டாம் என்றும் அவரே சொன்னார். அதனால் வழக்கமாக வெளியூர் போகும்போது எடுத்துப் போகும் சாப்பாட்டுப் பையைக்கூட இந்த முறை அறையிலேயே வைத்துவிட்டுப் போனோம்.

முதல் நாள் மதியம் 1 மணிக்கு உங்கள் உணவகக் கையேட்டைத் திறந்தோம். அதில் 12 இடங்களின் பெயரும் அழகான படங்களும் இருந்தன. எது எத்தனை மணிக்குத் திறக்கும், எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம், எங்கே முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் போன இடம் பூட்டியிருந்தது. கூட்டம் அதிகமுள்ள மாதங்களில் மட்டும்தான் திறப்பார்களாம். இரண்டாவது இடம் உணவகமே இல்லை, தள்ளுவண்டி அளவுக்கு ஒரு கவுண்டர், உட்கார ஒரு நாற்காலி கிடையாது. மூன்றாவது பார்க்கின் வாசலுக்கு வெளியே இருந்தது. இதற்குள் கிட்டத்தட்ட 1 மணி நேரம் வெயிலில் நடந்திருந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மகள் என் தோளிலேயே பசியோடு தூங்கிப்போனாள்.

கடைசியில் வரிசை குறைவாக இருந்த ஒரு கவுண்டரில் நின்றோம். வறுத்த உருளைக்கிழங்கு மகனுக்குப் பிடிக்கும். அந்த எண்ணெயில் வேர்க்கடலை சேர்ந்த வேறு ஏதாவது பொரிக்கிறீர்களா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த இளைஞர் நேர்மையாக, “எனக்குத் தெரியாதுங்க” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தெரியாததைத் தெரியாது என்று சொன்னதே பெரிய உதவி. ஒரே எண்ணெயில் பொரித்தால் ஒவ்வாமைப் பொருள் அடுத்த பண்டத்திலும் ஒட்டும், சூடாக்கினால் போய்விடாது. அதனால் அன்று மதியம் மகன் ஒரு வாழைப்பழமும், உறையில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அச்சிட்ட ஒரு பிஸ்கட் பொட்டலமும்தான் சாப்பிட்டான். நான் கேட்காமலேயே அவன் “எனக்குப் பசிக்கலப்பா” என்று சொன்னது இன்னும் என் மனதில் இருக்கிறது.

இரண்டாம் நாள் நடந்ததற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அன்றைக்கு மட்டும் நீங்கள் ஒரு பெரிய உணவகத்தில் மேசை பதிவு செய்திருப்பதாகச் சீட்டு கொடுத்திருந்தீர்கள். தேதி, 12.30 மணி, ஐந்து பேர் என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அம்மா போடும் இன்சுலின் வேகமாக வேலை செய்யும் வகை. போட்டு 15 நிமிடத்துக்குள் சாப்பிட உட்கார வேண்டும். கையில் உறுதிச் சீட்டு இருக்கிறதே என்று 12.15-க்கு உணவக வாசலிலேயே போட்டுக்கொண்டார். உள்ளே போனால், எங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்றார்கள். சீட்டைக் காட்டினோம். அது பயண நிறுவனம் அச்சடித்த தாள், எங்கள் கணினியில் ஒன்றும் வரவில்லை என்றார்கள். காத்திருந்தால் 1 மணி நேரம் கழித்து மேசை தரலாம் என்றார்கள். சீட்டில் இருந்த உங்கள் உதவி எண்ணுக்கு ஐந்து முறை அழைத்தேன். ஐந்து முறையும் பதிவு செய்த குரல்தான் பேசியது.

இன்சுலின் உடம்பில் போன பிறகு சாப்பாடு வராவிட்டால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். 1 மணி வாக்கில் அம்மாவுக்கு வியர்த்தது, கை நடுங்கியது, நான் கேட்டதற்குப் பதில் குழறலாக வந்தது. கருவியில் பார்த்தால் 62. 70-க்குக் கீழே போனாலே உடனடியாகச் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று அவருடைய மருத்துவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். என் மனைவி கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சிறிய பழச்சாற்று டப்பாவை உடைத்துக் கொடுத்தாள். 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பரிசோதனை என்பதுதான் முறை. அந்த 15 நிமிடம், உணவக வாசலில் தரையில் உட்கார்ந்து, மடியில் அம்மாவின் தலையை வைத்துக்கொண்டு நான் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை 84 காட்டியது. பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம், யாரென்றே தெரியாத எங்களுக்கு, தங்கள் மேசையில் பாதியைக் காலி செய்து கொடுத்தது. அம்மா அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அவர்களுக்குச் சரியாக நன்றி சொல்லக்கூட எனக்கு அப்போது வாய் வரவில்லை.

சாப்பிட்டு முடித்து, திட்டத்தோடு நீங்கள் கொடுத்த உணவுக் கூப்பனை நீட்டினால், மேசையில் பரிமாறும் உணவகங்களில் அது செல்லாது, கவுண்டர்களில் மட்டும்தான் என்றார்கள். அதாவது, எங்கள் மேசைப் பதிவு உண்மையாகவே இருந்திருந்தாலும் உங்கள் கூப்பன் அங்கே செல்லுபடியாகியிருக்காது. இது ஊழியர் ஒருவருடைய கவனக்குறைவால் நடந்தது என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. திட்டத்தைத் தயாரித்த யாரும் அந்த உணவகத்தில் ஒருமுறைகூட அதைப் பயன்படுத்திப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கையேட்டை அறையிலேயே வைத்துவிட்டோம். காலையில் வாசலில் பைகளைச் சோதிப்பவரிடம் அம்மாவின் நிலைமையைச் சொன்னபோது, மருத்துவக் காரணத்துக்கும் ஒவ்வாமைக்கும் சாப்பாடு கொண்டு வரலாமே, யார் வேண்டாம் என்றது என்று கேட்டார். அப்புறம் உள்ளே துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் என் மனைவி பேச்சுக் கொடுத்தாள். 12 மணிக்கு மேல் பெரிய ரைடுகள் பக்கம் போகாதீர்கள், ஊர்வலம் முடிந்ததும் எல்லோரும் அங்கேதான் பாய்வார்கள். பின்பக்கம், சின்னப் பிள்ளைகள் விளையாடும் பகுதியைத் தாண்டி ஒரு உணவகம் இருக்கிறது, 11 மணிக்கே போய்விடுங்கள் என்றார் அவர். போனோம். காலி மேசைகள், மின்விசிறி, உயரமான குழந்தை நாற்காலி, கேட்காமலேயே வந்த குடிநீர். ஒவ்வாமை என்றதும் பரிமாறியவர் உள்ளே போய்ச் சமையல்காரரையே கூட்டி வந்தார். எதை எந்த எண்ணெயில் பொரிக்கிறோம், எதைத் தனிப் பாத்திரத்தில் செய்து தர முடியும் என்று அவர் மகனிடமே குனிந்து சொன்னார். மூன்று நாளில் அவன் வயிறு நிறையச் சாப்பிட்டது அங்கேதான். உங்கள் கையேட்டில் இருந்த 12 பெயர்களில் அந்த உணவகம் இல்லை.

திரும்பி வந்ததும் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்” என்ற வரியும், அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடியும் பதிலாக வந்தன. போனில் பேசிய மேற்பார்வையாளர், “தீம் பார்க்குன்னா சாப்பாடு அப்படி இப்படித்தான் சார் இருக்கும், ஜனங்க ரைடுக்குத்தானே வர்றாங்க” என்றார். அதை நான் ஏற்க முடியாது. கலிஃபோர்னியாவில் உள்ள நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பிரபலமான தீம் பார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது பழத்தோட்டமாக இருந்த காலத்தில், 1934-ல், கார்டெலியா நாட் என்ற பெண்மணி அங்கே கோழி விருந்து பரிமாறத் தொடங்கினார். மேசைக்காகக் காத்திருப்பவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. அவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று 1940-ல் அவருடைய கணவர் வால்டர் நாட் பழைய காலத்து ஊர் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். அங்கே முதலில் வந்தது சாப்பாடு, வேடிக்கை அப்புறம்தான் வந்தது. தீம் பார்க்கில் நல்ல சாப்பாட்டை எதிர்பார்ப்பது பேராசை இல்லை.

முன்பதிவும் உங்கள் தொழிலுக்குத் தெரியாத புது விஷயம் இல்லை. ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மேசை உணவகங்களுக்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். நாங்கள் போனது அங்கே இல்லை என்றாலும், பெரிய பார்க்குகளில் மதிய நேரத்து மேசை எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். ஒவ்வாமை விஷயமும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பரிலிருந்து, உணவகத்தில் தட்டில் பரிமாறும் உணவுக்குக்கூட 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றித் தகவல் கொடுப்பது கட்டாயம். வேர்க்கடலை அந்த 14-ல் ஒன்று. ஒரு நாட்டின் சட்டத்தை இன்னொரு இடத்தில் காட்டி வாதாட வரவில்லை. இப்படித் தகவல் திரட்டித் தருவது நடக்கக்கூடிய காரியம் என்பதைச் சொல்லத்தான் குறிப்பிட்டேன்.

சரி, நான் கேட்பது இதுதான். உணவுத் திட்டத்துக்கு நாங்கள் கட்டிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். இரண்டாம் நாள் எங்கள் கையிலிருந்து கட்டிய உணவக ரசீதுத் தொகையும் அதோடு சேர வேண்டும். அடுத்த பயணத்துக்கான தள்ளுபடி எங்களுக்கு வேண்டாம். பதிவே செய்யாத மேசைக்கு 12.30 என்று சீட்டு எப்படி அச்சானது, அம்மாவைப் பற்றியும் மகனைப் பற்றியும் நான் சொன்ன குறிப்புகள் எங்கே போயின என்று எழுத்தில் விளக்கம் வேண்டும். வருத்தம் தெரிவிக்கும் வாசகம் எனக்குப் போதாது, நடந்தது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அந்தக் கையேட்டை இன்றைக்கே விற்பனையிலிருந்து நிறுத்துங்கள். உங்கள் ஆள் ஒருவர் ஒரு நாள் முழுக்க, ஒரு சின்னக் குழந்தையையும் வயதான ஒருவரையும் கூட்டிக்கொண்டு, மதியம் 1 மணிக்கு அந்த 12 இடங்களுக்கும் நடந்து போய்ப் பார்க்கட்டும். திறந்திருக்கும் நேரம், வாசலிலிருந்து எத்தனை நிமிட நடை, உட்கார நிழல் உண்டா, கூப்பன் செல்லுமா, ஒவ்வாமை பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர் இருக்கிறாரா, இவ்வளவு எழுதினால் போதும். படங்கள்கூட வேண்டாம். பின்பக்கம் இருக்கும் அந்த உணவகத்தையும் அதில் சேருங்கள். மருத்துவத் தேவைக்குச் சாப்பாடு கொண்டு போகலாம் என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். உதவி எண் என்று ஒன்றைக் கொடுத்தால், மதிய நேரத்தில் ஒரு மனிதர் அதை எடுக்க வேண்டும்.

என் முன்பதிவு எண், உங்கள் உறுதிச் சீட்டு, உணவக ரசீது, உங்கள் உதவி எண்ணுக்கு நான் அழைத்த நேரங்கள், 62 என்றும் 84 என்றும் காட்டிய கருவியின் படங்கள் எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் போவேன். விஷயம் அதுவரை போக வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச்செடுத்தபோது, “நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்ல இருக்கேன்” என்று சொல்லிவிட்டார். உங்கள் பதில் வந்தவுடன் அதை அவருக்கும் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்