கடைசியில் ஓடும் பெயர்

சாட்ஸ்வொர்த்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஜோஹானஸ்பர்க்கில் குளிர் ஆரம்பித்திருக்கும். பெரியம்மா மகன் அந்தப் பக்கம் வருகிறான். எலுமிச்சை ஊறுகாயும் மசாலாத் தூளும் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தொடரை ஒரு நாள்கூட விடாமல் பார்க்கிறேன். கடைசியில் பெயர்கள் ஓடும்போது அப்பா ரிமோட்டை எடுத்தால் கையைத் தட்டிவிடுவேன். டைரக்டர் பெயர் இரண்டு நொடிகூட நிற்பதில்லை, ஆனாலும் கண் பழகிவிட்டது. ஐந்து வாரமாக அங்கே வேறு பெயர். முறை வைத்து டைரக்டர்கள் மாறுவார்கள், ஒருவர் ஷூட்டிங்கில் இருந்தால் இன்னொருவர் எடிட்டிங்கில் இருப்பார் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். சரி, அப்படித்தான் இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு.

போன வருஷம் உன் கண்ட்ரோல் ரூமில் பின்னால் உட்கார்ந்து பார்த்தேனே! மூன்று கேமராவையும் ஒரே நேரத்தில் பார்த்தபடி, "இரண்டு... இப்போ மூன்று" என்று விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தாய். முறத்தில் கல் பொறுக்குகிற ஆயாவின் கண் உனக்கு. இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976-இல்தான். பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தவள் நான். என் பிள்ளை என்று கத்த வேண்டும்போல இருந்தது.

ஆனால் அத்தனை பேரிடம் நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு அம்மாவோடு ஐந்து நிமிஷம் பேச முடியாதா? அப்பா வாய்விட்டுக் கேட்கமாட்டார், போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பள்ளி முடித்த வருஷம் அடுப்படியில் நின்று சண்டை போட்டாயே. 1936-லேயே டி. பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா' படத்தை இயக்கினார், இன்னும் உனக்கு என்னம்மா பயம் என்றாய். உன்னை யார் பெண் கேட்டு வருவார்கள் என்றேன் நான். அதோடும் விடவில்லை. டர்பன் திரைப்பட விழாவில் உன் குறும்படம் போட்ட அன்று முழங்கால் வலி என்றேன் இல்லையா? எனக்கு வலியே இல்லை. புடவை கட்டிக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அத்தைமார் என்ன சொல்வார்களோ என்று வெட்கம். நீ மேடையிலிருந்து என் காலி நாற்காலியையே பார்த்தாய் என்று அப்பா வந்து சொன்னார். நல்லதையே பார்க்க வராதவளிடம் கெட்டதை எப்படிச் சொல்வாய்? உனக்கு அதைப் பழக்கினவள் நான்தான்.

உன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் புரட்டாசிக்கு முன்னால் ஒரு தடவை வா. ஊறுகாய் பாட்டிலை நிமிர்த்தியே வை, மூடி கசிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா