தட்டிப் பார்க்காமல் படகு வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர், டர்பன் துறைமுகத்தில் 26 அடி குரூசர் படகு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். பிள்ளைகள் படுக்க இடம், அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கிறதாம், விலையும் கட்டுபடியாகிறதாம். அடையாளம் கேட்கக் கேட்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நான் முன்பணம் கொடுத்துத் தொலைத்த அதே படகு! நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை கழுவ எழுந்துவிட்டார். அப்புறம் மண்டபம் முழுக்கத் தேடியும் கண்ணில் படவில்லை. அவர் வீட்டுக்கும் உங்கள் பத்திரிகை வரும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் சாட்ஸ்வொர்த்தில் 31 வருடம் பேனல் பீட்டிங், அதாவது நசுங்கிய கார்களைத் தட்டிச் சரிசெய்யும் வேலை, செய்தவன். பட்டி பூசி மறைத்த கதவை விரலால் தட்டியே கண்டுபிடிப்பேன். பழைய வண்டி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் இருந்தது. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

என் தாத்தா டர்பன் துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் வலை இழுத்தவர். போர்க்காலத்தில் கடற்படைக்காகத் தீவை எடுத்துக்கொண்டதோடு எங்கள் வீட்டில் படகு என்ற பேச்சே போயிற்று. அதனால் குரூசருக்குள் கால் வைத்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. மனைவி சமையல் மூலையைப் பார்த்தாள், பேத்திகள் மேஜையை மடக்கினால் கட்டிலாகிறதே என்று குதித்தார்கள். நான் மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்தேன். 25 வருடப் படகு, 340 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. ஆகா என்றேன்.

அதுதான் கார்க்காரன் புத்தி. கார் குறைவாக ஓடியிருந்தால் நல்லது. படகு ஓடாமல் உப்புத்தண்ணீரில் கட்டிக் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே அழுகும். பல பெட்ரோல் படகுகளில் இன்ஜினைக் குளிர்விப்பதே கடல் தண்ணீர்தான். அது போய்வரும் வார்ப்பிரும்புப் புகைக்குழாய்கள், அதாவது மேனிஃபோல்டும் ரைசரும், உள்பக்கமாகத் துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும். இன்னொன்று, நாங்கள் போனபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சந்தேகமும் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். இரவு முழுக்கக் குளிர்ந்த இன்ஜின் காலையில் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதைப் பார்க்காமலே 20,000 ரேண்ட் கொடுத்தேன்.

பிறகுதான் படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரைக் கூப்பிட்டேன். படகைத் தூக்கி நிறுத்தினார்கள். பின்பலகையில் டிரைவ், அதாவது இன்ஜின் சக்தியைத் தண்ணீருக்குள் இருக்கும் விசிறிக்குக் கடத்தும் பாகம், பொருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டண், டண், டண், அப்புறம் தொப். ஊறிப்போன பலகையின் சத்தம். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, பட்டி பூசிய கதவும் அப்படித்தான் பேசும். ஒரு திருகைக் கழற்றினார், பழுப்புத் தண்ணீர் கசிந்தது. டிரைவின் ரப்பர் பெல்லோஸ் வெடித்திருந்தது. காரில் சக்கர அச்சின் மூட்டான சி.வி. ஜாயிண்ட்டுக்கு மேல் ஒரு ரப்பர் உறை இருக்குமே, அந்த மாதிரி. என்ன, அது கிழிந்தால் கிரீஸ் போகும், இது கிழிந்தால் கடலே உள்ளே வரும்.

முன்பணம் திரும்பி வரவில்லை. 'சர்வே சரியாக இருந்தால் மட்டும்' என்று ரசீதில் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் வந்திருக்கும்.

போன வருடம் வேறொன்று வாங்கினேன். 24 அடி, ஒற்றை டீசல் இன்ஜின், இன்ஜினிலிருந்து விசிறிக்கு நேராகப் போகும் ஷாஃப்ட், வேகம் ஏழு நாட் (மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்). மாட்டுவண்டி என்கிறாள் மனைவி. இருக்கட்டும். முதலில் பார்த்த குரூசரின் பெரிய பெட்ரோல் வி8 இன்ஜின் வேகமெடுத்தால் மணிக்கு 50 லிட்டர் சர்வசாதாரணமாகக் குடிக்கும். விலையோடு போகிறதா செலவு? கட்டுமிடத்து வாடகை, இன்ஷூரன்ஸ், அடிப்பக்கப் பெயிண்ட், ஆண்டுதோறும் பாதுகாப்புச் சான்றிதழ். 15 குதிரைசக்திக்கு மேல் இன்ஜின் இருந்தால் ஓட்டுகிறவருக்கு ஸ்கிப்பர் உரிமமும் வேண்டும். நான் அறுபத்துமூன்று வயதில் பரீட்சை எழுதினேன், பேத்தி கேள்வி கேட்டுப் படிக்க வைத்தாள்.

குழந்தைகளோடு துறைமுகத்துக்குள்ளேயே சுற்றுகிறோம். வெளியே தென்மேற்கிலிருந்து காற்று எழுந்து, கரையோரமாகத் தென்மேற்கு நோக்கி ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்துக்கு எதிராக அடித்தால் அலை சுவராக நிற்கும், அது என் மாட்டுவண்டிக்கு ஆகாது.

பந்தியில் அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னார். பின்பக்கம் டிரைவைச் சுற்றிப் புது வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறார்களாம், பார்க்கவே அழகாம். தம்பி, அங்கேதான் தட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேனல் பீட்டர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.